காணாமல் போன ஒரே ஆண்

"மொத்தம் முப்பத்தொண்ணு," என்றார் புரொபசர். "முப்பது பெண், ஒரே ஒரு ஆண். அந்த ஆணைத்தான் காணோம்."

"முப்பது பேருக்கு நடுவுல ஒருத்தன். திருடு போயிருக்க மாட்டான் சார், தப்பிச்சிருப்பான்," என்றான் கொழுந்தன்.

மேஜைக்கு அடியில் அண்ணியின் செருப்பு அவனுடைய கால் விரலைத் தேடிக் கண்டுபிடித்தது.

அண்ணி இருபத்தேழு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரியாத கடைக்கும் சாகாத ஆளுக்கும் இழப்பீடு கேட்டு வருகிறவர்களைப் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஓய்வு பெற்றதும் அதையே சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தாள். கொழுந்தன் அவள் கணவனின் தம்பி. நாற்பத்தாறு வயதுக்குள் ஒன்பது வேலை பார்த்து ஒன்பதையும் வாயால் தொலைத்தவன். வீட்டில் உட்கார வைத்து அவன் பேச்சைக் கேட்பதைவிட வெளியே அழைத்துப் போய்க் கேட்கலாம் என்று அண்ணி அவனை உதவிக்கு வைத்துக்கொண்டாள்.

"முதல்ல நம்ம கார்டை சாருக்குக் குடு," என்றாள்.

கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். புரொபசர் அதை முகத்துக்கு நேரே பிடித்தார். தலையை ஆட்டினார்.

"நல்லது. உங்க நிலையத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்," என்று டிராயரில் போட்டார்.

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

மியூசியத்தின் பின்கட்டில் இருந்தது அந்த அறை. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிக் குப்பிகள், அவற்றுக்குள் ஸ்பிரிட்டில் மிதக்கும் பூச்சிகள். மேஜை மேல் ஒரு மைக்ரோஸ்கோப். அதற்குப் பக்கத்தில் சின்ன விரல் பருமனில் ஒரு குப்பி. உள்ளே முப்பது வெளிறிய மரவட்டைகள் சுருண்டு கிடந்தன.

"ஒரு மரவட்டைக்கு இவ்வளவு பாடா சார்?"

"வறண்ட பூமியில மரவட்டையே கிடையாதுன்னு உலகம் பூரா சொல்லிட்டிருந்தாங்க. ஈரம் இல்லாம அது பொழைக்காதும்மா. நான் இருக்குன்னு சொன்னேன். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மழை பெய்யுற இடம். அந்த மழைக்கு அப்புறம் ரெண்டே நாள், கல்லுக்கு அடியிலேர்ந்து மேல வரும். மறுபடி மண்ணுக்குள்ள போயிடும். இருபத்தஞ்சு வருஷமா போயிட்டு வர்றேன்."

"முப்பது பெண் கையில இருக்கே. போதாதா?"

"பெண் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதை வெச்சு என்ன இனம்னு சொல்லவே முடியாது. ஆணுக்கு ஏழாவது வளையத்துல, கால் இருக்க வேண்டிய இடத்துல, வேற ஒரு உறுப்பு இருக்கும். அதோட வடிவம்தான் இனத்துக்கு இனம் மாறும். அதைப் பாத்து, வரைஞ்சு, விவரிச்சு அச்சுல கொண்டு வந்தாத்தான் புது இனம்னு ஒத்துப்பாங்க. ஆண் இல்லைன்னா ஒண்ணுமே இல்லை."

"அச்சுல வந்துட்டா?"

"வந்துட்டா எவனாலயும் அசைக்க முடியாது. முதல்ல வெச்ச பேருதான் கடைசி வரைக்கும். இன்னும் ஐந்நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் புரட்டினாலும் இனத்தோட பேரு, பக்கத்துல அதை விவரிச்சவன் பேரு, ரெண்டும் நிக்கும்." அவர் குரல் கொஞ்சம் இளகியது. "வெள்ளிக்கிழமை நான் கட்டுரை அனுப்பணும். சனிக்கிழமை என் பணி நிறைவு விழா. துறைச் செயலாளர் அம்மா வர்றாங்க. இந்த இனத்துக்கு அவங்க பேரைத்தான் வைக்கப் போறேன்னு மேடையில அறிவிக்கணும்."

"அறிவிச்சா?"

"இன்னும் மூணு வருஷம் எனக்கு இந்த நாற்காலி."

"இல்லைன்னா?"

"திங்கட்கிழமைலேர்ந்து நான் யாருமே இல்லை."

சில பேருக்கு அது உண்மை.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகத்துக்கு என்ன இருக்கு? அட்டெண்டர்தான். தக்கைன்னு கூப்பிடுவோம். ஆணை எங்கயோ கொட்டி மிதிச்சிருக்கான், கழுதை, ஒத்துக்க மாட்டேங்குறான். மூணு மணி வரைக்கும் டயம் குடுத்திருக்கேன். அதுக்குள்ள அவன்கிட்ட எழுதி வாங்கிக் குடுங்க, வேலை மட்டும்தான் போகும். இல்லைன்னா போலீஸ். தப்பு என்னோடது இல்லைன்னு செயலாளர் அம்மாகிட்ட காட்ட எனக்கு ஒரு காகிதம் வேணும்."

"ஆணைக் காணோம்னு முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான். ஒண்ணு ஒண்ணா இந்த மைக்ரோஸ்கோப்புல வெச்சுப் பாத்தேன். முப்பதும் பெண்."

"நீங்களேவா?"

"பின்ன, தக்கையா பாப்பான்?"

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் கொழுந்தன் அண்ணியின் முழங்கையைத் தொட்டான்.

"அண்ணி, நான் அவருக்குக் குடுத்தது கார்டு இல்லை. லாண்டரிச் சீட்டு."

"பாத்தேன்."

"மூணு பேண்ட், ரெண்டு சட்டை, ஒரு போர்வைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அதைப் பாத்துட்டு உங்க நிலையத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேங்கறார். பாத்துட்டு ஏன் சும்மா இருந்தீங்க?"

"இருக்கட்டும், அவர்கிட்டயே இருக்கட்டும்."

"என் பேண்ட்டு அண்ணி."

"மூணு மணி வரைக்கும் பொறுத்துக்கோ தம்பி. கட்டியிருக்கறது போதும்."

குப்பிகளுக்குத் தக்கை வெட்டிக்கொண்டு கிடங்கு அறையில் உட்கார்ந்திருந்தார் தக்கை. ஐம்பது வயதிருக்கும். ஆண் காணாமல் போனதிலிருந்து ஒன்பது நாளாகத் தூங்காத கண்கள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"கையை நீட்டுங்க," என்றாள் அண்ணி.

நீட்டினார். பத்து விரல் நுனியும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து வெடித்திருந்தன.

"ஸ்பிரிட்டுல கையை வெச்சா இப்படித்தாங்க ஆகும். எண்ணெய் தடவினாலும் போகாது. எத்தனை வருஷம் ஆச்சு."

"மரவட்டையில ஆண் பெண் பிரிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"லென்ஸ் வெச்சாத் தெரியுங்க. ஏழாவது வளையத்துல கால் இல்லைன்னா ஆம்பளை."

"அப்ப நீங்க எடுத்திருக்கலாம்."

"எடுத்து என்ன மேடம் பண்றது? விக்க முடியாது. வறுத்துத் திங்கவும் முடியாது."

"இத்தனை வருஷத்துல நியாயமா பேசுற முதல் குற்றவாளி இவர்தான் அண்ணி," என்றான் கொழுந்தன்.

தக்கை சிரிக்கவில்லை. "மேடம், போலீஸ்ல குடுத்தாக்கூடப் பரவாயில்லை. குப்பியை ஒடைச்சேன்னு மட்டும் எழுதிக் குடுக்க மாட்டேன். நான் ஒரு குப்பி ஒடைச்சதில்லை."

"ஒடையலைன்னு எனக்குத் தெரியும். கொட்டியிருந்தா முப்பத்தொண்ணும் சிதறியிருக்கும். ஒண்ணு மட்டும் எடுத்திருக்காங்க, அதுவும் சரியா அந்த ஒண்ணை. எடுத்துட்டு என்ன பண்ணியிருக்காங்க, பாத்தீங்களா?"

"பாத்தேங்க. ஸ்பிரிட்டைக் கழுத்து வரைக்கும் ரொப்பி, தக்கையை நல்லா இறுக்கிட்டுப் போயிருக்காங்க. மீதி காஞ்சிடக் கூடாதுன்னு."

"பாசக்காரத் திருடன்," என்றான் கொழுந்தன்.

"நான் அதை ஐயாகிட்ட சொன்னேன். அதையும் நான்தான் செஞ்சேங்கறார்."

அண்ணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று சுவரில் மர அலமாரிகள். நாலாவது சுவரில் ஓர் இரும்பு பீரோ, பூட்டியிருந்தது.

"எல்லா இடத்துலயும் தேடினீங்களா?"

"மர அலமாரி பூரா வெள்ளைச் சீட்டுக் குப்பிங்க. இன்னும் பேரு வைக்காதது. நாலாயிரத்துச் சொச்சம். ஐயா ஒம்பது நாளா ஒண்ணு ஒண்ணா தொறந்து பாக்கச் சொன்னார், பாத்துட்டேன்."

"இரும்பு பீரோ?"

"அது சிவப்புச் சீட்டுங்க. பேரு வெச்சு, அச்சாகி வந்த இனம். ஒவ்வொண்ணுலயும் மூலமா வெச்சு விவரிச்ச அந்த ஒரு பூச்சி மட்டும் அதுல இருக்கும். எந்த நாட்டுக்காரன் சந்தேகம் கேட்டாலும் அதோடதான் ஒத்துப் பாக்கணும். ஐயாவோடது பதினாலு இருக்கு."

"அதுல தேடலையா?"

தக்கை அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுல எப்படிங்க இருக்கும்? இதுக்கு இன்னும் பேரே வைக்கலையே."

"சரிதான். சாவி யார்கிட்ட?"

"ஐயா சாவிதான். ஐயா வீட்டம்மாகிட்ட இருக்கும். ஐயா தொறந்தா சாவி துவாரத்துல சீக்கிரம் போகாது, கோவம் வந்துடும்."

புரொபசரின் மனைவி மாடிப்படிக்கு அடியில், ஒரு ஜன்னலும் ஒரு சாய்வு மேஜையும் மட்டும் கொண்ட அறையில் இருந்தாள். கணவன் விவரிக்கும் பூச்சிகளுக்கெல்லாம் படம் வரைவது அவள்தான். சம்பளம் இல்லாத உத்தியோகம். பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஸ்டூல் ஆடும். இதுல உக்காருங்க," என்றாள் நிமிராமல்.

சுவரில் பதினாலு படங்கள், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தன.

"பதினாலும் நீங்க வரைஞ்சதா?"

"ஆமா."

"எல்லாத்துக்கும் மனுஷங்க பேருதானா?"

"அப்படித்தான் வைப்பார். இது என் மாமியார். இது அவரோட குரு, இது குருவோட சம்சாரம். அது ஜீப் டிரைவர். இது ஒரு மந்திரி, இப்ப ஜெயில்ல இருக்கார். ஆனா பேரை எடுக்க முடியாது."

"இது?"

"நாய்."

"எந்த நாய்?"

"எங்க வீட்டு நாய். செத்துப் போச்சு. அவர் ரொம்ப அழுதார்."

"உங்க பேரு எது?" என்றான் கொழுந்தன், சுவரில் தேடிக்கொண்டே.

"அது இல்லை."

"அவர் பேருமா இல்லை?"

"தன் பேரைத் தானே வெச்சுக்கறதில்லை இவங்க. அசிங்கமா நினைப்பாங்க. அடுத்தவங்க வைக்கணும், அதுதான் பெரிய மரியாதை. ஒவ்வொருத்தரும் யாராவது வைக்க மாட்டாங்களான்னு காத்திட்டிருப்பாங்க. அவருக்கு இன்னும் யாரும் வைக்கலை."

"ஏன்?"

"யாருக்கும் அவரைப் பிடிக்காது."

நாள் கிழமை சொல்வதுபோல் சொன்னாள். அண்ணி அவள் விரல்களைப் பார்த்தாள். நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. ஸ்பிரிட். படம் வரைகிறவள் பூச்சியைத் தொட வேண்டிய அவசியம் என்ன?

"உங்க பேரை வைக்கச் சொல்லி நீங்க கேட்டதில்லையா?"

"என் பேரைக் கேக்கலை. வேற ஒரு பேரைக் கேட்டேன், ஒரே தடவை." பென்சில் முனையை நகத்தில் குத்திப் பார்த்தாள். "இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. அந்த வறண்ட பூமியில கூடாரம் போட்டிருந்தோம். எனக்கு ஆறு மாசம். மூணு வருஷமா பெய்யாத மழை அன்னிக்குக் கொட்டுச்சு. காலையில எனக்கு ரத்தம் போக ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரி தொண்ணூறு கிலோமீட்டர். இருக்கறது ஒரு ஜீப்பு. 'ரெண்டு நாள்தான் மேல வரும், கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னு சொல்லிட்டு ஜீப்பை எடுத்துக்கிட்டு மரவட்டை பொறுக்கப் போனார். அந்த ரெண்டு நாள்ல கிடைச்சதுதான் குப்பியில இருக்கற முப்பது. எல்லாம் பெண்."

"குழந்தை?"

"அதுவும் பெண்."

கொழுந்தன் சுவரில் தேடுவதை நிறுத்தினான்.

"பேரெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தோம்," என்றாள் அவள். "ஒரு மரவட்டைக்காவது அதை வைங்கன்னு கேட்டேன். விஞ்ஞானத்துல ஒப்பாரிக்கு இடம் இல்லைன்னார். அடுத்த வருஷம் ஒரு பூச்சிக்கு நாய் பேரை வெச்சார்."

"அந்த ஒரே ஆண், அது எப்பக் கிடைச்சுது?"

"ரெண்டு வருஷம் முன்னால. நான்தான் பாத்தேன். அவர் செருப்பு மேல ஏறி இறங்கிப் போயிட்டிருந்தது."

"அவருக்குத் தெரியலையா?"

"பேசிட்டிருந்தார்."

"அது இல்லாம கட்டுரையே இல்லைங்கறார். இப்ப என்ன வரையறீங்க?"

"ஒண்ணும் இல்லை. வரைய வேண்டியதெல்லாம் முடிஞ்சு போச்சு."

அண்ணி எழுந்தாள். "சாவிக்கொத்து வேணுமே."

அவள் எதற்கு என்று கேட்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"அந்த நீளமான சாவி. கொஞ்சம் தூக்கித் திருப்பணும்."

வராந்தாவில் கொழுந்தன் முணுமுணுத்தான்: "நாம எந்தப் பூட்டுன்னு சொல்லவே இல்லையே அண்ணி."

"சொல்லலை."

"வரையறதுக்கு ஆணே இல்லாதப்ப வரைஞ்சு முடிச்சாச்சுங்கறாங்க."

"ஆமா."

"அப்ப அவங்கதான். எடுத்துத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"ஸ்பிரிட்டைக் கழுத்து வரைக்கும் ரொப்பி வெச்ச பொம்பளை தூக்கிப் போடுவாளா? வா."

பீரோவைத் திறந்தார்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்தார்கள். அண்ணி திரும்பவும் பூட்டினாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாரும் புரொபசர் அறையில் இருந்தார்கள். தக்கை கதவோரம் நின்றார். மனைவி ஜன்னலோரம்.

"எழுதிக் குடுத்தானா?" என்றார் புரொபசர்.

"குடுப்பார். அதுக்கு முன்னால ஒரு சின்ன உதவி." அண்ணி வேறொரு குப்பியிலிருந்து ஒரு மரவட்டையை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடித் தட்டில் போட்டு மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். "இது ஆணா பெண்ணான்னு சொல்லுங்க சார்."

புரொபசர் குனிந்தார். திருகினார். நிறைய நேரம் பார்த்தார்.

"பெண்," என்றார்.

"தக்கை, நீங்க பாருங்க."

தக்கை தயங்கினார். பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க, பரவாயில்லை."

"ஆம்பளைங்க."

"வெளிச்சம் சரியில்லை," என்றார் புரொபசர்.

"சரி, டிராயர்ல எங்க கார்டு இருக்கு. எடுத்து விலாசத்தைப் படிங்க."

"கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டேன்."

"மூணு பேண்ட், ரெண்டு சட்டை, ஒரு போர்வை சார்," என்றான் கொழுந்தன். "நாளைக்குள்ள வாங்கணும்."

புரொபசர் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார்.

"எத்தனை வருஷமா?" என்றாள் அண்ணி.

"நடுவுல மட்டும்தான் தெரியாது. ஓரத்துல தெரியும். நடக்கறதுக்கு ஒண்ணும்..." நிறுத்தினார். "ஆறு வருஷமா."

"அப்ப கடைசி நாலு இனம்?"

"அவ பாத்துச் சொன்னா. நான் எழுதினேன்."

"எழுதினதும் நான்தாங்க," என்றாள் மனைவி.

"ஆக முப்பதும் பெண்ணுன்னு பாத்தது நீங்க இல்லை. அவங்க சொன்னாங்க, நீங்க தக்கையைப் பிடிச்சுக்கிட்டீங்க." அண்ணி கதவோரம் திரும்பினாள். "தக்கை, யாரும் உங்ககிட்ட எதையும் எழுதி வாங்கப் போறதில்லை. வேலையும் போகாது. இல்லையா சார்?"

புரொபசர் தலையை ஆட்டினார். அண்ணி மனைவியைப் பார்த்தாள்.

"ஒம்பது நாள் அந்த மனுஷன் தூங்கலை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்க."

"அச்சு ஏறுற வரைக்கும் சொல்ல முடியாது."

"அதனால?"

மனைவி தக்கையிடம் போனாள். "தப்புதான். மன்னிச்சுடுங்க," என்றாள். தக்கை பதறிப்போய், "ஐயோ, வேணாம்மா," என்றபடி வெளியே போய்விட்டார்.

"என்ன அச்சு?" என்றார் புரொபசர். "நீயா எடுத்தே? சரி. கோவத்துல எடுத்துட்டே, இருக்கட்டும். ஆணைக் குடு. வெள்ளிக்கிழமை இன்னும் இருக்கு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அண்ணி கிடங்குக்குப் போய் பீரோவிலிருந்து அந்தக் குப்பியை எடுத்து வந்தாள். "பதினாலு இருக்க வேண்டிய இடத்துல பதினஞ்சு இருந்தது சார்."

"பீரோவுலயா? அங்கேயா வெச்சா?" நிம்மதியில் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "கிடைச்சுடுச்சு இல்ல? குடுங்க இப்படி." கையை நீட்டினார்.

"சிவப்புச் சீட்டு சார்."

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. சிவப்புச் சீட்டு என்றால் என்ன என்று அந்த அறையில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பேர் வைத்தாயிற்று. அச்சாகிவிட்டது. இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"யாரு?" என்றார். "எவன் செஞ்சான்?"

மனைவி முந்தானைக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்தாள். கணவனிடம் கொடுக்கவில்லை. கொழுந்தனிடம் கொடுத்தாள்.

"தம்பி, நீங்க படிங்க. நான் படிச்சா ஒரு வார்த்தை நம்ப மாட்டார். வெளியாள் படிக்கணும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"எங்களைக் கூப்பிட்டது சார் இல்லையா?"

"அவர் கூப்பிடச் சொன்னார். போன்ல நம்பரைப் பாத்து அழுத்தினது யாருன்னு நினைக்கறீங்க?"

கொழுந்தன் தாளைப் பிரித்தான். தொண்டையைச் செருமினான். "வறண்ட நிலத்திலிருந்து ஒரு புதிய மரவட்டை இனம். விவரித்தவர்..." நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். "உங்க பேரு போட்டிருக்கு. உங்க பேரு மட்டும்."

"நீயா?" என்றார் புரொபசர்.

"இருபத்தாறு வருஷமா நான் பண்றதுதானேங்க. இந்தத் தடவை கீழே கையெழுத்தையும் நானே போட்டேன்."

"வெளியான நாள், இன்று," என்று தொடர்ந்தான் கொழுந்தன்.

புரொபசர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்தக் குழந்தை பேரை வெச்சுட்டே. அதானே? செயலாளர் அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? மூணு வருஷம்டி. மூணு வருஷத்தை அடிச்சுட்டே."

"என் பொண்ணு பேரை இதுக்கு வைப்பேனா? படிங்க தம்பி."

"பெயர்க் காரணம். இந்த இனத்தின் பெயர் என் கணவரைக் கௌரவிக்கும் விதமாக வைக்கப்பட்டுள்ளது."

புரொபசர் கண்ணைத் திறந்தார்.

"என் பேரா?" என்றார் புரொபசர்.

"உங்க பேருதாங்க."

அவர் முகத்தில் அப்போது வந்ததை அண்ணி பார்த்தாள். நாற்பது வருடம் பஸ் நிறுத்தத்தில் நின்றவனுக்கு முன்னால் பஸ் வந்து நின்றதுபோல இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மேல படிப்பா," என்றார். "விவரணையைப் படி."

கொழுந்தன் பார்வையை வரிகளில் ஓடவிட்டான். நிறுத்தினான். "அண்ணி..."

"கேக்கறார் இல்ல. படி."

"நிறம் வெளிறியது. கண்கள் இல்லை." அவன் புரொபசரைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போனான். "தொட்டால் உடனே சுருண்டுகொண்டு, துர்நாற்றமுள்ள திரவத்தை வெளியிடும். ஆணின் ஏழாவது வளையத்து உறுப்பு, இந்தப் பேரினத்தில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகச் சிறியது. நன்கு வளர்ச்சி அடையாதது. மழைக்குப் பின் கிடைத்த இந்த ஒரே ஆண், பெண்களிடமிருந்து விலகித் தனியே காணப்பட்டது."

காலரில் இருந்த கை கீழே இறங்கியது.

"ஒரு வார்த்தை பொய் இல்லை," என்றாள் மனைவி. "எல்லாம் பாத்து அளந்து எழுதினது. பூச்சியில இல்லாத எதையும் எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

"இதை... இதை வாபஸ்..."

"முடியாதுங்க."

"அண்ணி," என்றான் கொழுந்தன் மெதுவாக. "இது குற்றமா?"

"மியூசியத்துப் பூச்சி மியூசியத்து பீரோவுல இருக்கு. இன்னும் நல்ல பூட்டுக்குள்ள. என்ன குற்றம்னு எழுதறது?"

மேஜை மேல் போன் அடித்தது. புரொபசர் கையால் தடவினார். எட்டவில்லை. மனைவி வந்து எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி அழுத்தி, அவர் முன்னால் வைத்தாள்.

"புரொபசர் சார், நான் செயலாளர் பேசறேன்," என்றது ஒரு பெண் குரல், கணீரென்று. "இதழை எனக்கு அனுப்பியிருந்தாங்க. தலைப்பையும் பேரையும்தான் பாத்தேன். என் பேரு வரப் போகுதுன்னு யாரோ சொன்னாங்க. அதை விடுங்க, இது அதைவிட எவ்வளவு அழகு. ஒரு மனைவி தன் புருஷனுக்கு இப்படி ஒரு மரியாதை செஞ்சு நான் கேட்டதே இல்லை. இதுக்கு மேல உங்களை இன்னும் மூணு வருஷம் உழைக்கச் சொல்றது பாவம். நீங்க நிம்மதியா ஓய்வெடுங்க. ஒண்ணு மட்டும் செய்யறேன். சனிக்கிழமை மேடையில அந்த விவரணையை நானே படிக்கறேன், முதல் வரியிலேர்ந்து கடைசி வரைக்கும். உங்க சொந்தக்காரங்க, பழைய மாணவர்கள் எல்லாரும் கேக்கட்டும். பெருமையா இருக்கும் இல்ல சார்?"

புரொபசர் மனைவி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். பார்வை அவள் மேல் விழவில்லை. ஒரு முழம் தள்ளி, சுவரில் விழுந்தது.

"ஆமா மேடம்," என்றார். "ரொம்ப நன்றி."

"எனக்கு எதுக்கு நன்றி? அவங்களுக்குச் சொல்லுங்க. பக்கத்துலதானே இருக்காங்க? சொல்லுங்க, நான் லைன்ல இருக்கேன்."

மனைவி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். கொழுந்தன் தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"நன்றி," என்றார் புரொபசர், சுவரிடம்.

"கொஞ்சம் சத்தமாங்க," என்றாள் அவள். "மேடத்துக்குக் கேக்கணும்ல."